வெள்ளை இறங்காது

தங்கச்சி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். அவள் புருஷன் வேலை பார்த்த லாரி கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். மனுஷன் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்க சைட்டுக்கு வந்துடட்டும், குழி வேலைக்கு ஆள் வேணும் என்று அண்ணன்காரர் வாயைத் திறந்தபோது, அவள் உடனே தலையாட்டிவிடவில்லை. கட்டடம் எழும்புகிற இடத்தில் குழி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். மண் சரிந்து ஆள் போன கதைகளையெல்லாம் அண்ணன் வாயாலேயே கேட்டவள். மடித்த துணியையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"நீ இறங்குற குழியில மட்டும் அவர் இறங்கட்டும். நீ மேல நின்னுக்கிட்டு அவரைக் கீழ அனுப்பக் கூடாது. சரின்னா கூட்டிட்டுப் போ."

இதுக்குத்தானா இவ்வளவு நேரம் யோசித்தாய் என்று அண்ணன் சிரித்துவிட்டார். அவர் இறங்காத குழியில் அந்த சைட்டில் ஈ காக்கா இறங்காது. சத்தியம் வேண்டுமா என்றார். வேண்டாம், நீ சொன்னால் போதும் என்றாள். அவ்வளவு நம்பிக்கை.

அண்ணனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் சைட்டில் பாதிப் பேர் விழிப்பார்கள். பொறுங்கண்ணன் என்றால்தான் தெரியும். குழி விளிம்பில் ஆட்கள் மண்வெட்டியோடு வந்து நின்றதும் கையைக் குறுக்கே நீட்டி, "பொறுங்க" என்பார். அதுவே பெயராகிவிட்டது. எல்லாரையும் நிறுத்திவிட்டு ஏணியில் முதல் ஆளாக அவர்தான் இறங்குவார். நாலு பக்கச் சுவரிலும் ஒவ்வொரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்குவார். விரல் இடுக்கில் ஈரம் கசிந்தால் பேச்சே கிடையாது, சுவர் சரியாமல் தாங்குகிற முட்டுப் பலகை கட்டும்வரை ஒருத்தரும் இறங்கக் கூடாது. கசியவில்லை என்றால் குதிகாலால் சுவரை இரண்டு உதை. அதற்குப் பிறகுதான் அண்ணாந்து பார்த்து, "வாங்க" என்பார். அந்த "வாங்க" கீழேயிருந்து வந்தால்தான் குழு இறங்கும். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை, அவர் யாருக்கும் பாடம் எடுக்கவும் இல்லை. பயந்த சுபாவம், அதனால் வந்த பழக்கம். உயிர்மேல் ஆசை இருக்கிறவனுக்குப் பயம் இருக்கத்தானே செய்யும்!

இப்போது நிறக் கதைக்கு வருவோம். அந்த சைட்டில் மனுஷனுக்கு முகம் கிடையாது, ஹெல்மெட் நிறம்தான். நுழைவாசல் பக்கத்திலேயே ஒரு பெரிய பலகையில் படம் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். மஞ்சள் என்றால் கூலியாள். நீலம் கரண்ட் வேலை, குழாய் வேலை. பச்சை பாதுகாப்பு அதிகாரி. சிவப்பு தீயணைப்பு. சாம்பல் நிறம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளிகள். வெள்ளை இன்ஜினியரும் சூப்பர்வைசரும். "வெள்ளை வருது, பீடியை அணை." "பச்சை கூப்பிடுது, பெல்ட்டை மாட்டு." இப்படித்தான் பேச்சே இருக்கும். மேலேயிருந்து செங்கல் விழுந்தால் அது நிறம் பார்த்தா விழப்போகிறது? அதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்.

பலகையில் எழுதாத சட்டங்கள் சில உண்டு. மஞ்சள் உட்கார்ந்திருந்தால் வெள்ளையைப் பார்த்ததும் எழுந்துவிட வேண்டும். வெள்ளைக்குத் தனி டீ, தனி கழிப்பறை. எல்லாவற்றுக்கும் மேலே, வெள்ளை குழியில் இறங்காது. விளிம்பில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று எட்டிப் பார்க்கும். வெள்ளையில் சேறு பட்டால் நன்றாகவா இருக்கும்?

பொறுங்கண்ணனுக்கு அந்த வெள்ளைமேல் ஆசை இருந்தது. பொய் சொல்வானேன், நிறையவே இருந்தது. முழங்கால் இரண்டும் ஏணிப்படியில் கடகடவென்று பேச ஆரம்பித்துவிட்டன. இரவு புரண்டு படுத்தால் முதுகு கேள்வி கேட்டது. தன்னைவிடச் சின்னப் பையன்கள் எல்லாம் வெள்ளையை மாட்டிக்கொண்டு, "யோவ், இங்க வாய்யா" என்று கூப்பிடும்போது சுருக்கென்று தைக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். தன் மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வார். அந்த மஞ்சளின் முன்பக்கத்தில் தங்கச்சி சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு நட்சத்திரம் வரைந்து வைத்திருந்தாள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே, இன்னொருத்தன் தலை வியர்வையையா மாட்டிக்கொள்வாய் என்று திட்டிக்கொண்டே வரைந்தது. அஞ்சு முனையில் ஒரு முனை கோணல்.

போன மழையில் ஒரு விஷயம் நடந்தது. லிஃப்ட் குழி ஒன்றில் மண் கசிந்தது. முட்டுப் பலகை இல்லை. இறங்க முடியாது என்றுவிட்டார் பொறுங்கண்ணன். இன்ஜினியர் கத்தினார், கெஞ்சினார், வேலையை விட்டே தூக்கிவிடுவேன் என்றார். மஞ்சள்கள் எல்லாம் வரிசையாகச் செங்கல் அடுக்கில் உட்கார்ந்துவிட்டன. பச்சைத் தொப்பிக்காரரும் வந்து, அவங்க சொல்றது சரிதான் சார் என்று சொல்லிவிட்டார். கலவை லாரி வந்த வழியே திரும்பிப் போனது. இன்ஜினியர் முகத்தில் ஈயாடவில்லை. அதோடு அந்த விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இன்ஜினியர் அதை மறக்கவில்லை. கத்தினால் இந்த ஆள் அசைய மாட்டான், ஆனால் இந்த ஆள் அசைந்தால் மொத்தக் குழுவும் அசையும் என்று அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டுவிட்டார். படித்த மூளை, சும்மா இருக்குமா?

அன்று காலை. முந்தின இரவு முழுக்க விடாத மழை. அடுத்த லிஃப்ட் குழியின் அடியில் தேங்கிய தண்ணீரை மோட்டார் போட்டு இறைத்துவிட்டார்கள். சேற்றை வழித்து மட்டம் பண்ணிவிட்டால் கலவை கொட்டலாம். முட்டுப் பலகைகளை அடுத்த கட்டடத்துக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள், சாயங்காலம் வரும் என்று பேச்சு. பச்சைத் தொப்பிக்காரருக்குத் தலைமை அலுவலகத்தில் கூட்டம். சொல்லி வைத்த மாதிரி எல்லாம் ஒரே நாளில் அமைந்தது.

இன்ஜினியர் தன் தகர அறைக்குப் பொறுங்கண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார். போனவருக்கு நாற்காலி போட்டார்கள். அதிலேயே பாதி ஆள் கவிழ்ந்துவிட்டார். டீ வந்தது, வெள்ளைத் தொப்பிக்காரர்கள் குடிக்கிற கோப்பையில். எத்தனை வருஷமாக மண்ணிலேயே கிடக்கிறீர்கள், உங்கள் அனுபவத்துக்கு எப்போதோ செய்திருக்க வேண்டியது, இன்றிலிருந்து குழி வேலைக்கு நீங்கள்தான் சூப்பர்வைசர் என்று இன்ஜினியர் தேன் ஒழுகப் பேசினார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு புது வெள்ளை ஹெல்மெட் வெளியே வந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. உள்ளே வியர்வை ஒற்ற மெத்தென்று பட்டை, பின்னால் திருகினால் தலைக்குத் தகுந்தாற்போல் இறுகுகிற திருகு. இன்ஜினியர் தன் கையாலேயே அதை அவர் தலையில் வைத்தார்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்காமல் எப்படி இருக்கும்? குழியிலேயே பாதி ஆயுசைக் கழித்தவர் அவர். சார் சார் என்று கும்பிட்டார். வெளியே வந்து, நிறுத்தியிருந்த ஜீப் கண்ணாடியில் யாரும் பார்க்காதபோது ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அப்புறம் இன்னொரு தரம் பார்த்தார்.

மாப்பிள்ளைக்கு, அதுதான் தங்கச்சி புருஷனுக்கு, தலைகால் புரியவில்லை. மச்சானைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். மற்ற மஞ்சள்கள் கேலி செய்தார்கள், இனிமே உங்களப் பாத்தா எந்திரிக்கணுமா அண்ணே, டீயெல்லாம் தனியாத்தானே என்று. போங்கடா என்றார் அவர், ஆனால் வாய் காதுவரை போயிருந்தது. தங்கச்சிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று பையில் கை விட்டபோது மாப்பிள்ளை தடுத்துவிட்டார்.

"சொல்லாதீங்க மச்சான். சாயங்காலம் நானே சொல்றேன். அவ மூஞ்சி போற போக்கை நான் பாக்கணும்."

சரி, உங்க பாடு என்றுவிட்டார் அவர். கையில் இருந்த பழைய மஞ்சளை என்ன செய்வது என்று யோசித்தபோது மாப்பிள்ளையே வாங்கிக்கொண்டார். அவருடைய ஹெல்மெட்டில் உள்பட்டை அறுந்து தலையில் ஆடிக்கொண்டே இருந்தது. ராசியான தொப்பி, எனக்கு இருக்கட்டும் என்று நட்சத்திரத்தைத் தடவிவிட்டு மாட்டிக்கொண்டார்.

குழி விளிம்புக்கு வந்தார்கள். பழக்க தோஷம், பொறுங்கண்ணனின் கால் நேரே ஏணிக்குப் போனது. ஒரு படியில் கால் வைத்துவிட்டார். பின்னால் நின்ற இன்ஜினியர் அவர் தோளைத் தட்டினார்.

"என்ன இது? வெள்ளை இறங்காது. மேல நின்னு பாருங்க, அதான் இப்ப உங்க வேலை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. நாற்காலியில் உட்காரத் தெரியாதவன் மாதிரி நடந்துகொண்டோமே என்று ஏணியிலிருந்து காலை எடுத்தார். அந்த நிமிஷம் தங்கச்சி ஞாபகம் வரவில்லையா என்று கேட்டால், வந்தது. அதை அவர் எப்படிச் சமாளித்துக்கொண்டார் தெரியுமா? அவள் சொன்னது மஞ்சளாக இருந்தபோது, இப்போது நான் மேலே இருந்தால் இன்னும் நன்றாகத்தானே பார்த்துக்கொள்ள முடியும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். பாவி மனசுக்கு நியாயம் கண்டுபிடிக்கவா தெரியாது!

இடுப்பில் கை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். மேலேயிருந்து பார்த்தால் எல்லா மண்ணும் ஒரே மண்தான். சுவர் நேராக, பழுப்பாக, வெட்டிய இடம் பளபளவென்று தெரிந்தது. அந்தப் பளபளப்பு மண்வெட்டி பட்ட வழவழப்பா, உள்ளே ஊறிய தண்ணீரா? கையில் பிடித்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். அவர் உள்ளங்கை அரித்தது. கலவை லாரி கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது என்றார் இன்ஜினியர். முதல் நாளே லாரியைத் திருப்பி அனுப்புவீர்களா என்று கேட்கவில்லை. ஆனால் அதைத்தான் கேட்டது மாதிரி இவருக்குக் காதில் விழுந்தது.

மஞ்சள்கள் மண்வெட்டியோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்ஜினியர் சொல்லியிருந்தால் ஒருத்தனும் அசைந்திருக்க மாட்டான். பலகை எங்கே என்று கேட்டிருப்பான். ஆனால் நிற்பது பொறுங்கண்ணன். அவர் சும்மா வந்து நிற்பாரா, காலையிலேயே இறங்கிக் கையில் பிடித்துப் பார்த்திருப்பார், அதனால்தான் வெள்ளையே கொடுத்திருக்கிறார்கள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவரோ, வெள்ளை என்றால் மேலேயிருந்து பார்ப்பதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நின்றார். இரண்டு பக்கமும் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. குழியில் பழகினவர்கள் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள், அந்தப் பழக்கம் அன்றைக்குக் குழி பறித்தது.

"இறங்கலாமா மச்சான்?" என்றார் மாப்பிள்ளை.

பொறுங்க என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. வந்து நின்றது. இன்ஜினியரின் கை இன்னும் தோளில் இருந்தது.

"இறங்குங்க" என்றார்.

மாப்பிள்ளைதான் முதலில் இறங்கினார். மச்சானுடைய இடத்தில் நாமாவது முதலில் இறங்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். பின்னாலேயே மூன்று பேர் இறங்கினார்கள். சேற்றை வழித்துச் சட்டியில் போட்டு மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை அந்தக் கோடி மூலைக்குப் போய்விட்டார். கலவை லாரி உள்ளே வந்து பின்பக்கமாக நகர்ந்து குழியை நெருங்கியது. அதன் கனம் தரையில் அதிர்ந்ததைப் பொறுங்கண்ணனின் உள்ளங்கால் உணர்ந்தது. லாரியை நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. மூலைச் சுவர் பெரிதாகச் சத்தம்கூடப் போடாமல் உட்கார்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு வெள்ளையாவது மஞ்சளாவது. ஹெல்மெட்டைக் கழற்றி வீசிவிட்டுக் குதித்தார். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ. மூன்று பேர் இடுப்புவரை புதைந்திருந்தார்கள், இழுத்துப் போட்டாயிற்று. மூலையில் மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. மண்வெட்டி போட்டால் ஆள்மேல் படுமே என்று எல்லாரும் கையாலேயே தோண்டினார்கள். அவர் அள்ளின ஒவ்வொரு பிடியிலும் விரல் இடுக்கில் தண்ணீர் வழிந்தது. நாய் மாதிரி ஊளையிட்டுக்கொண்டே அள்ளினார். முதலில் அகப்பட்டது மஞ்சள் ஹெல்மெட். நட்சத்திரத்தைப் பார்த்ததும், சத்தம் கேட்டு அப்போதுதான் ஓடிவந்து மேலே நின்ற யாரோ, ஐயோ பொறுங்கண்ணன் போயிட்டாரே என்று அலறினான். தான் குழிக்குள் உயிரோடு நின்றுகொண்டு அந்த அலறலைக் கேட்டார் அவர். போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளையை வெளியே எடுத்தபோது மூச்சு இல்லை. ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள், ஒரு கடமைக்கு. போலீஸ் வந்து யார் இறங்கச் சொன்னது என்று கேட்டது. இன்ஜினியர் அவசரப்படவில்லை. குரலைத் தாழ்த்தி, இந்தக் குழிக்கு இன்றைக்குப் பொறுப்பு இவர்தான் சார், சூப்பர்வைசர் என்று கை காட்டினார். தன் கையாலேயே தலையில் வைத்தாரே, அது ஹெல்மெட் இல்லை, பழி. அப்போதுதான் பொறுங்கண்ணனுக்கு உறைத்தது. உறைத்து என்ன செய்ய? சொன்னது அவர் வாய்தானே. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று மட்டும் கேட்டார். கூடவே ஒரு போலீஸ்காரர் வந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். தங்கச்சி தையல் கம்பெனியிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். புடவையெல்லாம் நூல் துணுக்கு. அதற்குள் அவளிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். அழுது முடித்து வேறெங்கோ போய்விட்டவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் புருஷனுடைய செருப்பு, போன். மேலே சேறு அப்பின மஞ்சள் ஹெல்மெட். முந்தானையால் அதைத் துடைத்துத் துடைத்து நட்சத்திரத்தை வெளியே கொண்டுவந்திருந்தாள்.

தலைமுதல் கால்வரை சேறாக வந்து நின்ற அண்ணனைப் பார்த்ததும் அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும்தானே அண்ணா உள்ள இருந்தே. இதோ உன் தொப்பி. எனக்குத் தெரியும், நீ சொன்ன சொல்லை மீற மாட்டே. நீயாவது பொழச்சு வந்தியே."

அவர் பக்கத்து நாற்காலியில் விழுந்தார். அவளே பேசினாள். வெளியில் பேசிக்கொள்கிறார்களாம், மண்ணைப் பார்க்காமல் யாரோ ஒரு வெள்ளைத் தொப்பிதான் இறங்கச் சொன்னானாம். "அவனை மட்டும் விட்டுடாதே அண்ணா. அவன் வீட்டுல விளக்கு எரியக் கூடாது." அண்ணன் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இன்று ஒரு ராத்திரியாவது இவள் இப்படியே கையைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். அவர் மனது அந்த ஒரு ராத்திரிக்காகக் கெஞ்சியது. வெட்கம் கெட்ட மனது.

அதுவும் கிடைக்கவில்லை. சைட் வாட்ச்மேன் வராந்தாவில் தேடிக்கொண்டே வந்தான். நல்ல மனுஷன், நேற்றுவரை இவரோடு ஒரே டம்ளரில் டீ குடித்தவன். விளிம்பில் கிடந்ததை எடுத்து, கழுவி, ஈரம் போகத் துடைத்துக் கொண்டுவந்திருந்தான். இரண்டு கையாலும் பவ்யமாக நீட்டினான்.

"சார், உங்க தொப்பி."

அவர் வாங்கவில்லை. வாட்ச்மேன் ஒன்றும் புரியாமல் அதைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனான். தங்கச்சி அந்த வெள்ளையைப் பார்த்தாள். மடியில் இருந்த மஞ்சளைப் பார்த்தாள். அப்புறம் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவர் கை இன்னும் அவள் கைக்குள்தான் இருந்தது. அதைத் திருப்பி, உள்ளங்கையில் காய்ந்துபோயிருந்த சேற்றை விரலால் தடவினாள்.

"கையில பிடிச்சுப் பாத்தியா அண்ணா?"

"இல்லம்மா" என்றார். "மேல நின்னுதான் பாத்தேன்."

அவள் கத்தவில்லை, அடிக்கவில்லை. அவர் கையை எடுத்து அவர் மடியிலேயே வைத்தாள். மஞ்சள் ஹெல்மெட்டையும் பையையும் எடுத்துக்கொண்டு எழுந்துபோய், வராந்தாவின் அந்தக் கோடி நாற்காலியில், இவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.